யார் கையெழுத்திட்ட வாரண்ட்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அடுத்த வாரம் அலுவலகத் தோழிகளோடு அரிசோனாவில் இருக்கும் டூம்ஸ்டோன் என்ற ஊருக்குப் போகிறாய் என்று அப்பா சொன்னார். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே “சரி அம்மா” என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். போவதற்கு முன் ஒரு படத்தைப் பார்த்துவிட்டுப் போ. ‘மை டார்லிங் கிளமென்டைன்’, ஜான் ஃபோர்டு இயக்கி 1946-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். நானும் அப்பாவும் போன சனிக்கிழமை பார்த்தோம். அப்பாவுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. எனக்குத்தான் பழைய வேலைப் புத்தி போகவில்லை. அத்தனை வருடம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவளுக்கு, வாரண்ட் என்று யாராவது சொன்னால் யார் கையெழுத்து, எந்தத் தேதி என்றுதான் கேட்கத் தோன்றும்.

கதை சின்னதுதான். எர்ப் சகோதரர்கள் நான்கு பேர் கலிஃபோர்னியாவுக்கு மாடு ஓட்டிப் போகிறார்கள். கடைக்குட்டி ஜேம்ஸை மந்தைக்குக் காவல் வைத்துவிட்டு மற்ற மூவரும் டூம்ஸ்டோனுக்குள் வருகிறார்கள். வயட் எர்ப்பாக ஹென்றி ஃபோண்டா. சவர நாற்காலியில் சாய்ந்திருக்கிறார், முகமெல்லாம் நுரை. கடைக்குள் குண்டு பாய்கிறது. எதிர்ச் சாராயக்கடையில் குடித்துவிட்டு ஒருவன் சுட்டுக்கொண்டிருக்கிறான். உள்ளே போகத் துணியாத மார்ஷல், அதாவது ஊர்க் காவல் அதிகாரி, தன் சின்னத்தைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறார். எர்ப் மாடிப் பக்கமாக ஏறிப்போய் அந்த ஆளைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறார். வந்ததும் மிச்சச் சவரத்தைக் கேட்கிறார். மார்ஷல் வேலையைத் தருகிறோம் என்கிறார்கள், வேண்டாம் என்கிறார். மந்தைக்குத் திரும்பினால் கொட்டும் மழையில் தம்பி இறந்து கிடக்கிறான், மாடுகளைக் காணோம். உடனே ஊருக்குத் திரும்பி அந்த வேலையை வாங்கிக்கொள்கிறார்.

பாதிக்கப்பட்டவரே விசாரணை அதிகாரி. எங்கள் நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு கோப்பு வந்திருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே கிழித்துப்போட்டிருப்பார். “படம் பார்க்க விடேன்” என்றார் அப்பா. வாயை மூடிக்கொண்டேன்.

மூடிக்கொண்டதும் நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் படத்தின் நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. துப்பாக்கிச் சண்டைக்காக இந்தப் படத்தைத் தேடிப் போகிறவர்கள் அதைத் தூங்கிக் கழித்துவிடலாம். நீ தூங்காதே. தாழ்வாரத்தில் நாற்காலியைப் பின்னால் சாய்த்து, எதிர்த்தூணில் ஒரு காலை வைத்து, அந்தக் காலை எடுத்து மற்றக் காலை வைத்து, எர்ப் சும்மா உட்கார்ந்திருக்கிறார். கதைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஊரைக் காவல் காக்கிறவன் சும்மா உட்கார முடிகிறது என்றால் ஊர் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று ஃபோர்டு அந்த ஒரு காட்சியில் காட்டிவிடுகிறார். நாவிதர் தலைவாரி வாசனைத் தண்ணீரும் தெளித்து அனுப்பியிருக்கிறார். படத்தின் பெயரில் இருக்கும் கிளமென்டைன் என்ற பெண் பாலைவனப் பூவின் மணம் வருகிறது என்று வியக்க, அது நான்தான், நாவிதர் தெளித்தது என்று எர்ப் நெளிகிறார். பிறகு இருவரும் கட்டி முடிக்காத தேவாலயத்துக்கு நடந்து போகிறார்கள். பலகைத் தளமும் மணிக்கூண்டுச் சட்டமும் இரண்டு கொடிகளும்தான் இருக்கின்றன. சுவர் இல்லை, கூரை இல்லை, பாதிரியார்கூட இன்னும் வரவில்லை. அந்தத் தளத்தில் ஊரே ஆடுகிறது. எர்ப் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, முழங்காலை அநியாயத்துக்கு உயர்த்தி உயர்த்தி ஆடுகிறார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்பா அந்த இடத்தை இரண்டாம் முறை போடச் சொன்னார்.

சிரிக்க முடியாத இடங்களும் உண்டு. முதலில் இழுத்து வந்தார்களே, அந்தக் குடிகாரன் செவ்விந்தியன். அவன்மேல் வழக்கு இல்லை, அபராதம் இல்லை. ஓர் உதை கொடுத்து, ஊருக்குள் வராதே என்று துரத்துகிறார்கள், படமும் அதைச் சரி என்றே நினைக்கிறது. சிவாவா என்ற பாடகியைக் குதிரைத் தொட்டியில் தள்ளுவதும் அப்படித்தான். இத்தனைக்கும் பின்னால் கம்பீரமாக நிற்கும் பாறைகள் மான்யுமென்ட் பள்ளத்தாக்கு, பூர்வகுடிகளான நவஹோ மக்களின் நிலம். உண்மையான டூம்ஸ்டோன் அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தெற்கே, மெக்சிகோ எல்லைப் பக்கம். போய் இறங்கி அந்தப் பாறைகளைத் தேடாதே.

இப்போது வாரண்டுக்கு வருகிறேன். கடைசிச் சண்டைக்கு முன் எர்ப், தம்பியைக் கொன்றவர்களான கிழவர் கிளான்டனையும் அவர் மகன்களையும் சரணடையச் சொல்கிறார், தன்னிடம் வாரண்ட் இருக்கிறது என்கிறார். யார் பிறப்பித்தது? அதுவரை படத்தில் ஒரு நீதிபதி முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. சாராயக்கடை, விடுதி, நாடகமேடை, சவரக்கடை எல்லாம் உள்ள ஊரில் நீதிமன்றம் மட்டும் இல்லை. சுட்டு முடித்தபின் உயிரோடு நிற்கும் கிழவரை எர்ப் என்ன செய்கிறார் தெரியுமா? நூறு வருடம் இருந்து மகன்களை இழந்த வேதனையை அனுபவி, ஊரை விட்டுப் போ என்கிறார். கொலைக்குற்றம் சாட்டப்பட்டவரை இப்படி அனுப்பிவைக்க எந்த மார்ஷலுக்கு அதிகாரம்? கிழவர் போகிற போக்கில் துப்பாக்கியை எடுக்க, எர்ப்பின் சகோதரர் மார்கன் சுட்டுவிடுகிறார். கோப்பு மூடப்பட்டது!

இது உண்மையிலேயே நடந்த ஒரு சண்டையை வைத்து எடுத்த படம். நடந்ததோ வேறு. சண்டை நடந்த நாள் 1881 அக்டோபர் 26. அன்று டூம்ஸ்டோனின் மார்ஷல் வயட் அல்ல, அண்ணன் வர்ஜில். வயட்டும் மார்கனும் வயட்டின் நண்பர் டாக் ஹாலிடேயும் துணைக்கு அழைக்கப்பட்டவர்கள். ஜேம்ஸ் கடைக்குட்டியும் அல்ல, அன்று சாகவும் இல்லை. அவர்கள் எல்லாருக்கும் மூத்தவர், 1926 வரை வாழ்ந்தார். கிழவர் கிளான்டன் சண்டைக்கு இரண்டு மாதம் முன்பே இறந்துவிட்டார். படத்தில் அறுவை மருத்துவராக வந்து சண்டையில் சாகும் டாக் ஹாலிடே பல் மருத்துவர், 1887-ல் காசநோயால் இறந்தார். சண்டைக்கு உடனடிக் காரணமும் மாட்டுத் திருட்டு இல்லை. ஊருக்குள் ஆயுதம் தாங்கி நடக்கக் கூடாது என்று 1881 ஏப்ரலில் நகராட்சி ஒரு விதி போட்டிருந்தது, விதி எண் 9. அதை மீறியவர்களிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கப் போன இடத்தில் அரை நிமிடத்தில் சுமார் முப்பது குண்டுகள், மூன்று பிணங்கள்: பில்லி கிளான்டன், மெக்லாரி சகோதரர்கள் இருவர். நடந்த இடம்கூட எல்லாரும் சொல்கிற ஓ.கே. கொரால் என்ற குதிரைப் பட்டி இல்லை, அதன் பின்வாசலிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு புகைப்படக் கூடத்தின் பக்கத்துக் காலி மனை.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் படம் விழுங்கிவிட்டது. தப்பியோடிய ஐக் கிளான்டன் எர்ப்கள் மீது கொலைப்புகார் கொடுத்தார். வர்ஜில் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். வெல்ஸ் ஸ்பைசர் என்ற நீதிபதி முன் ஏறக்குறைய ஒரு மாதம் பூர்வாங்க விசாரணை நடந்தது. இரு தரப்பிலும் சாட்சிகள் வரிசையாக வந்தார்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார். வயட் எழுதிக் கொண்டுவந்த வாக்குமூலத்தை வாசித்தார். அன்றைய சட்டப்படி அப்படி வாசிப்பவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. நவம்பர் 30 அன்று ஸ்பைசர், வழக்கைத் தொடர இது போதாது என்று விடுவித்தார். விடுவித்த அதே உத்தரவில், பகை இருக்கும் நேரத்தில் வயட்டையும் ஹாலிடேயையும் துணைக்கு அழைத்தது வர்ஜில் செய்த கண்டிக்கத்தக்க செயல் என்றும் எழுதினார். எனக்கு இந்த மனிதரைப் பிடித்துவிட்டது. அவருக்குக் கொலை மிரட்டல் கடிதம் வந்தது. அதையும் தன் பதிலையும் ஊர்ப் பத்திரிகையிலேயே வெளியிட்டார்.

அப்பா இங்கே ஒரு கேள்வி கேட்டார், நியாயமான கேள்விதான்: உன் நீதிமன்றம் அந்த ஊரைத் திருத்திவிட்டதா? இல்லை. டிசம்பரில் மறைந்திருந்து சுட்டதில் வர்ஜிலின் கை பயனற்றுப் போனது. 1882 மார்ச்சில் பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்த மார்கனைச் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு நாள் கழித்து, நீ இருக்கும் டூசானின் ரயில் நிலையத்தில், மார்கன் கொலையில் சந்தேகிக்கப்பட்ட ஃபிராங்க் ஸ்டில்வெல் பிணமாகக் கிடந்தார். வயட் மீது அந்தக் கொலைக்கு வாரண்ட் பிறந்தது, அவர் அரிசோனாவை விட்டே போய்விட்டார். பாப்பா, இது உண்மையான வாரண்ட், அது அவர் பெயரிலேயே இருந்தது. அந்தப் பழைய நிலையத்தில் இன்று அவருக்கும் ஹாலிடேக்கும் வெண்கலச் சிலை இருக்கிறது. ஒரு நாள் மாலை அந்தப் பக்கம் போய்ப் பார்த்து வா.

வயட் கடைசிக்காலத்தை லாஸ் ஏஞ்சலஸில் கழித்து 1929-ல் எண்பதாம் வயதில் இறந்தார். சண்டை எப்படி நடந்தது என்று அவர் வாயாலேயே கேட்டேன் என்று ஃபோர்டு சொல்லிவந்தார். படத்துக்கு அடிப்படையான புத்தகமும் ஸ்டூவர்ட் லேக் 1931-ல் வயட்டைப் புகழ்ந்து எழுதிய வாழ்க்கை வரலாறுதான். ஆக, நீதிமன்றத்திலும் திரையிலும் வயட் தன் தரப்பை மட்டும் சொன்னார், இரண்டு இடத்திலும் யாரும் அவரைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை. போரில் கடற்படையில் இருந்துவிட்டு வந்த ஃபோர்டுக்கு அப்போது ஒரு நல்ல மார்ஷல் தேவைப்பட்டிருக்கலாம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக இன்னொரு முறையும் பார்ப்பேன். சாட்சியாக மட்டும் ஏற்கமாட்டேன்.

டூம்ஸ்டோனில் தினமும் துப்பாக்கிச் சண்டையை நடித்துக் காட்டுகிறார்களாம். தோழிகள் ஆசைப்பட்டால் பார். ஆனால் 1882-ல் கட்டிய செங்கல் நீதிமன்றம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது, அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கு. ஸ்பைசர் விசாரித்தபோது அந்தக் கட்டடம் எழும்பவில்லை, இருந்தாலும் அந்த வழக்கைப் பற்றி ஏதாவது வைத்திருப்பார்கள். சாட்சிக்கூண்டும் நீதிபதி மேசையும் எங்கே இருக்கின்றன, பெஞ்ச் கிளார்க் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்பு. அப்பாவுக்குத் தேவாலயம் ஏதாவது அகப்பட்டால் அதன் படம் வேண்டுமாம்.

வெயிலில் தொப்பி இல்லாமல் திரியாதே. தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா