தகரக் கூரையின் கீழும் பாடம் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழிப் பட்டப்படிப்புகள் பெருகி வருவதைப் பாராட்டி உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே நானும் இணையவழியில் ஒரு படிப்பைத் தொடர்கிறேன். கண்டியிலோ கொழும்பிலோ தங்கிப் படிக்க எனக்கு வசதியில்லை. இது கைநழுவினால் வேறு படிப்பும் இல்லை.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சிக்னல் நிற்காது. வகுப்பு நாட்களில், சிக்னல் கிடைக்கும் மேல் டிவிசன் கோயிலடிக்குப் போய்விடுவேன். ஒரு கையில் குடை, மற்றக் கையில் பொலித்தீன் பையில் சுற்றிய போன், காலில் அட்டை. போன மாதம் 20 நிமிட வினாடி வினா ஒன்று நடந்தது. எட்டாவது கேள்வியில் இணைப்பு அறுந்தது. திரும்பக் கிடைத்தபோது நேரம் முடிந்து பூட்டிவிட்டது. விரிவுரையாளரிடம் சொன்னேன். கனிவாகத்தான் பேசினார், ஆனால் “உங்களுக்கு மட்டும் சலுகை தர முடியாதே” என்றார்.

அந்தச் ‘சலுகை’ என்ற சொல்தான் இன்னும் மனதை உறுத்துகிறது. பாடத்தை அமைக்கும்போதே யோசித்திருந்தால் யாரும் யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியதில்லையே. இணையவழிப் பாடங்களை நடத்தப் பல பல்கலைக்கழகங்கள் பாவிக்கும் மூடில் என்ற தளத்தின் செயலியில் பாடங்களை போனில் இறக்கிவைத்துப் படிக்கலாம். நேர வரம்பில்லாத வினாடி வினாவை இணைப்பில்லாமலே செய்து, சிக்னல் வந்ததும் அனுப்பவும் முடியும். பாடத்தை அமைப்பவர் அந்தத் தெரிவைத் திறந்துவிட்டால் சரி.

2020 இல் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடியபோது, டேட்டாக் கட்டணமின்றி சூம் வகுப்புகளில் சேர மாணவர்களுக்கு வழி செய்தார்கள். நல்ல காரியம். ஆனால் சிக்னலே வராத இடத்தில் இலவச டேட்டாவை வைத்து என்ன செய்வது? ஒரு மணிநேர விரிவுரையின் குரலை மட்டும் நொடிக்கு 32 கிலோபிட் அளவில் பதிந்தால் 14 எம்பிக்குச் சற்றுக் கூடுதலாக வரும், அவ்வளவுதான். காணொளியோடு அந்தக் கோப்பையும் போட்டுவிட்டால், கோயிலடியில் இறக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஆறுதலாகக் கேட்பேன்.

காணொளியில் வசன வரிகள் போடுவது காது கேளாதோருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது எங்கள் காம்பராவில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அந்த நேரம் எனக்கும் அந்த வரிகள்தான் துணை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வகுப்பில் பார்வையற்ற ஒரு தம்பி படிக்கிறார். என்விடிஏ என்ற இலவச திரைவாசிப்பான் அவருக்குத் தமிழை நன்றாகவே வாசித்துக் காட்டும். ஆனால் எங்களுக்கு வரும் தமிழ்க் குறிப்புகள் இன்னும், ஆங்கில விசைக் குறிகளைத் தமிழ் வடிவில் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. கருவி அதைத்தான் வாசிக்கும். 60 பக்கக் குறிப்பை அப்படிக் கேட்டுக்கொண்டு அவர் என்ன படிப்பார்? கடைசியில் ஒரு தோழி முழுவதையும் வாசித்துக் குரலில் அனுப்பினார். தமிழைத் தமிழாகவே பதியும் யுனிகோடில் தட்டச்சு செய்திருந்தால் அந்தத் தம்பி யாரையும் எதிர்பார்க்காமல் அன்றிரவே படித்திருப்பார்.

1980 இல் தொடங்கிய நமது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், தூரத்தில் இருப்பவர் தானே படிக்கும்படி பாடங்களை எழுதி அச்சிட்டுக் கையில் கொடுத்துப் பழகியது. அந்த அக்கறை இணையப் பாடங்களிலும் தொடர வேண்டும்.

எந்தப் பாடத்தையும் திறப்பதற்கு முன், அதை வடிவமைத்தவர்களில் ஒருவராவது முதல் வாரப் பாடம் முழுவதையும் ஒரு விலை குறைந்த போனில், ஒரு தோட்டத்தில் இருந்து செய்து பார்க்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே வருவதானால் கோயிலடிக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

தோட்டப் பாடசாலை ஆசிரியை,
பொகவந்தலாவை