பிரஷர் பார்க்க வரும்போது இதையும் கேளுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்கள் தெருவுக்கும் வருகிறது. என் அக்காவுக்குப் பிரஷர் இருப்பதே அதனால்தான் தெரிந்தது. மாதவிடாய் நிற்கும் வயதுத் தொல்லைகளையும் கேளுங்கள் என்று அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

போன மார்கழியில் ஒரு காலை, தன்னார்வலர் அக்காவின் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் போர்வைக்குள் இருந்தேன். திடீரென்று அக்காவுக்குக் கழுத்திலிருந்து முகம்வரை குப்பென்று சூடேறி வேர்த்துக் கொட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டே ஃபேனைப் போடச் சொன்னாள். "உங்களுக்குமா அக்கா?" என்றார் தன்னார்வலர். அவருக்கும் நாற்பத்தேழு வயது. அப்புறம் பிரஷர் அளவைக் குறித்துக்கொண்டு, மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். இதைக் கேட்கவோ எழுதிக்கொள்ளவோ யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

நம் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வரவில்லை என்றால்தான் நின்றதாகக் கணக்கு. அதற்குச் சில வருடங்கள் முன்பே தூக்கம் கெடும், காரணமில்லாமல் அழுகை வரும், மூட்டு வலிக்கும். ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறையக் குறைய எலும்பு வேகமாகத் தேயும், கெட்ட கொழுப்பு ஏறும், இதய நோய்க்கான வாய்ப்பும் கூடும். நீங்கள் வீடு தேடி வந்து பார்க்கிற பிரஷரும் சர்க்கரையும் பல பெண்களுக்கு இந்த வயதில்தான் தலைகாட்டுகின்றன. ஆகவே இது தனி விஷயம் இல்லை.

அக்காவுக்கு நின்று ஒன்றரை வருடம் கழித்து லேசாக ரத்தம் பட்டது. காட்டப் போன இடத்தில், "வயசானா அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதம் கழித்து வேறொருவர் ஸ்கேன் எடுத்து, சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் இல்லை, சிறு சதை வளர்ச்சிதான். முடிவு வரும்வரை அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். நின்றபின் ஒரு சொட்டு பட்டாலும் உடனே பார்த்தாக வேண்டும் என்று அவளிடம் முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

கேட்பது பெரிதில்லை. நாற்பது தாண்டிய பெண்ணிடம் மூன்று கேள்வி: கடைசியாக எப்போது வந்தது, தூக்கம் எப்படி, நின்றபின் ரத்தம் பட்டதா? பதிலைக் குறித்துக்கொண்டு, தேவைப்பட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பட்டும். கேழ்வரகு, காலை வெயில், தினமும் அரை மணி நடை, சிறுநீர் கசிந்தால் இடுப்புத்தள தசைப் பயிற்சி இவற்றை வாசலிலேயே சொல்லிவிடலாம். உஷ்ணமும் வேர்வையும் தாங்கமுடியாமல் போனால் ஹார்மோன் மருந்து உண்டு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு அது பொதுவாக ஆகாது. மற்றவர்களுக்கு, அறுபது வயதுக்குள், நின்று பத்து வருடத்துக்குள் என்றால், டாக்டர் பார்த்துக் கொடுக்கலாம். இதை அறியாமல், "கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது" என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். சினைப்பையும் சேர்ந்து போனால் எல்லாத் தொல்லையும் ஒரே நாளில் வந்து இறங்கும் என்று அவர்களிடமும் சொல்லவேண்டும்.

இதற்கான பயிற்சியைத் தன்னார்வலர்களுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது, அவர்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்றும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தங்கை