வறுமை மட்டும் காரணமல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் மனநலம் என்று பேச்சு எடுத்தாலே வறுமை, வேலையின்மை என்றுதான் பலரும் சுற்றி வருகிறார்கள். இனவெறியே ஆளை நோகடிக்கும் என்பதற்கு 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று போதும். ஆயுதம் ஏதுமில்லாத கறுப்பினத்தவர் ஒருவரைப் போலீஸ் கொன்றால், அதே மாநிலத்தில் வாழும் மற்ற கறுப்பினத்தவர்கள் ‘மனசு சரியில்லை’ என்று சொல்லும் நாட்கள் அடுத்த சில மாதங்களுக்குக் கூடுகின்றன. செத்தவர் உறவாகவோ பழக்கமாகவோ இருக்க வேண்டியதில்லை. வெள்ளையர்களிடம் அந்த மாற்றமே தென்படவில்லை.

சரி, டாக்டரிடம் போகலாமே என்பார்கள். அங்கேயும் இனவெறிதான் நிற்கிறது. 1851இல் அமெரிக்காவின் லூசியானா மாநில மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், அடிமைகள் தப்பி ஓடுவதற்கு மனநோய் என்று பெயர் சூட்டி, சவுக்கடியை வைத்தியமாக எழுதிவைத்தார். பழைய கதை என்று தள்ளவும் முடியவில்லை. இன்றும், கடல் தாண்டிய இங்கிலாந்தில் மனநலச் சட்டத்தின்கீழ் கட்டாயமாக மருத்துவமனையில் அடைக்கப்படும் விகிதம், வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரிடம் மூன்று மடங்குக்கும் மேல். இதற்குப் பயந்தே பலர் நோய் முற்றும்வரை அந்தப் பக்கம் போவதில்லை. அப்புறம் ‘ஏன் முன்பே வரவில்லை’ என்ற திட்டு வேறு.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்