'கனெக்ட்' பொத்தானுக்குப் பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினியில் பிராக்சி மென்பொருளை (நம் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியே அனுப்புவது) அமைக்கச் சொல்லித்தரும் குறிப்புகள் பெரும்பாலும் 'கனெக்ட்' பொத்தானோடு நின்றுவிடுகின்றன. சிக்கல்கள் தொடங்குவதே அதன் பிறகுதான்.

இந்த மென்பொருள் நம் கணினிக்குள்ளேயே 127.0.0.1 என்ற முகவரியில் ஒரு போர்ட்டை, அதாவது செயலிகள் வந்து இணையும் எண்ணிட்ட வாசலை, திறந்து வைக்கும். சாக்ஸ் (SOCKS) என்ற பிராக்சி வகைக்கு வழக்கமான எண் 1080. அங்கே வருவதைத் தொலைவிலுள்ள சர்வருக்குக் கடத்துவதுதான் அதன் வேலை. 'சிஸ்டம் பிராக்சி'யை இயக்கினால் விண்டோஸ் செட்டிங்ஸில் அந்த முகவரி பதிவாகும், அவ்வளவே. அந்தப் பதிவைப் பார்த்து நடக்கும் செயலிகள் மட்டும்தான் பிராக்சி வழியே போகும். கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் டெர்மினல் கருவிகள் பலவும் அதைக் கண்டுகொள்ளாமல் நேராக இணையத்துக்குப் போய்விடும். எல்லாமே பிராக்சி வழியே போக வேண்டுமானால் கணினியின் மொத்தப் போக்குவரத்தையும் மென்பொருள் பக்கம் திருப்பும் 'டன்' (TUN) மோடு தேவை. அதற்கு அட்மின் அனுமதி கொடுத்தாக வேண்டும்.

பயர்பாக்ஸில் தனியாக சாக்ஸ் 5 அமைப்பவர்கள், டிஎன்எஸ்ஸையும் (தளத்தின் பெயரைச் சொல்லி அதன் முகவரியைக் கேட்பது) பிராக்சி வழியே அனுப்பும் தேர்வில் டிக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பக்கம் என்னவோ பிராக்சி வழியேதான் வரும். ஆனால் எந்தத் தளத்தைத் தேடுகிறோம் என்ற கேள்வி வழக்கமான டிஎன்எஸ் சர்வருக்கே போகும். மறைக்க நினைத்தது அங்கே வெளிப்பட்டுவிடும். பலருக்கும் தெரியாத ஓட்டை இது. இன்னொன்று: சாக்ஸ் 5 தானாக எதையும் என்கிரிப்ட் செய்வதில்லை, பாஸ்வேர்டைக்கூட.

'லேன் அனுமதி' (அதே உள்ளூர் நெட்வொர்க்கிலுள்ள மற்ற கருவிகளையும் அனுமதிப்பது) என்ற தேர்வை அணைத்தே வையுங்கள். அதை இயக்கினால் போர்ட் 0.0.0.0 முகவரியில், அதாவது கணினியின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும், திறக்கும். பயர்வாலும் தடுக்காவிட்டால், அதே வைஃபையில் இருக்கும் யாரும் உங்கள் இணைப்பைப் பயன்படுத்தலாம்.

407 என்று பிழை வந்தால் யூசர்நேம், பாஸ்வேர்டைச் சரிபாருங்கள். விமெஸ் (VMess) என்ற இன்னொரு பிராக்சி வகை இணைப்பில் கணினிக் கடிகாரம் சில நிமிடங்கள் பிசகினாலே சர்வர் ஏற்காது.

அதிகம் பேர் திண்டாடுவது மென்பொருள் பாதியில் நின்றுபோகும்போதுதான். பழைய முகவரி செட்டிங்ஸில் அப்படியே இருக்கும், அந்தப் போர்ட்டில் பதில் சொல்ல எதுவும் இருக்காது. வைஃபை இணைந்தே இருந்தும் எந்தப் பக்கமும் திறக்காது. ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதற்குள் 'பிராக்சி' பகுதிக்குப் போய், 'யூஸ் எ பிராக்சி சர்வர்' என்பதை அணைத்தால் இணையம் உடனே திரும்பிவிடும். நிறுவும் முறையை வெளியிடும்போதெல்லாம் இந்த அணைக்கும் வழியையும் சேர்த்தே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்