சில்கா கடுதாசிக்குப் பதில்

தூத்துக்குடி
21.04.2024, ஞாயிறு

மரியே வாழ்க.

அன்பு மக்கா, அப்பா எழுதுறேன். இங்க எல்லாரும் சுகம். நீயும் சுகமா இருக்கணும்னு பனிமய மாதாவை வேண்டிக்கிறோம்.

பூசை முடிஞ்சு வந்து எழுத உக்காந்திருக்கேன். வெள்ளிக்கிழமை ஓட்டுப் போட்டோம். தடைக்காலம் 15ஆம் தேதியே தொடங்கிருச்சு. உன் மாமா படகைக் கட்டிப் போட்டுட்டு நாள் பூரா வலை பொத்திக்கிட்டு இருக்கார். ஜூன் 14 வரைக்கும் அவருக்கும் வேலை அதுதான். வெயில் இப்பவே தாங்கல. தங்கச்சிக்கு அடுத்த மாசம் பரீட்சை. உங்கம்மா நல்லா இருக்கா.

நீ பேசி 48 நாளாச்சு. குறையாச் சொல்லல மக்கா. நேவிக் கப்பல்ல ஸ்மார்ட்போன் வச்சுக்கக் கூடாதுன்னு 2019லயே உத்தரவு வந்தது எனக்குத் தெரியும். கரை பிடிச்சாத்தான் பேச முடியும். எந்தக் கடல்ல நிக்கிறீங்கன்னும் நான் கேக்க மாட்டேன், நீ சொல்லவும் கூடாது. ஆனா கடுதாசி எழுதத் தடை இல்லையே. கப்பல் பேரைப் போட்டு ஃப்ளீட் மெயில் ஆபீஸ், மும்பைன்னு நாங்க எழுதுறது எப்படியும் உன் கைக்கு வந்துருது. முன்னாடி மாசம் ரெண்டு எழுதுவே. இப்ப ரெண்டு மாசமா ஒண்ணும் இல்லை.

சாப்பாட்டை ஒழுங்காச் சாப்பிடு. கரை விட்டுப் பத்து நாள் ஆனா பச்சைக் காய்கறி தீந்துரும், உருளைக்கிழங்கும் பருப்பும்தான்னு எழுதியிருந்தே. அதையாவது வயிறு நிறையச் சாப்பிடு. ராத்திரி வாட்ச் டூட்டி முடிஞ்சா நேரா கீழ போய்ப் படு. டெக் ஓரத்துல தனியா நிக்காதே. கடல் பனி தலைக்கு ஆகாது.

போன மாசம் பேப்பர்ல வந்ததைத் தங்கச்சி வெட்டி வச்சிருக்கா. ரூயன்னு ஒரு சரக்குக் கப்பல், சோமாலியாக் கொள்ளைக்காரங்க டிசம்பர்ல பிடிச்சு வச்சிருந்தது. நம்ம ஐஎன்எஸ் கொல்கத்தா அதை மறிச்சு 40 மணி நேரம் நின்னு, விமானத்துல இருந்து கமாண்டோக்கள் கடல்ல குதிச்சு, 35 பேரைச் சரணடைய வச்சு, 17 மாலுமிகளையும் உசிரோட மீட்டிருக்காங்க. டீக்கடையில ஒருத்தர் சத்தமா வாசிச்சார். கடையில இருந்தவங்க எல்லாரும் என் முகத்தைத்தான் பாத்தாங்க. உன் கப்பல் அது இல்லைன்னு நான் சொல்லல. எனக்குச் சொல்லத் தோணல மக்கா. அந்தக் கடல்ல நிக்கிற எல்லாப் பிள்ளைகளும் அன்னைக்கு எனக்கு நீயாத்தான் தெரிஞ்சாங்க.

நான் ஏன் இப்படி இருக்கேன்னு உனக்குத் தெரியும். 1988ல மாலத்தீவுல, மாலேயில நடந்த கதையை நீ சின்னப் பிள்ளையில இருந்து கேட்டுச் சலிச்சிருப்பே. நவம்பர்ல அங்க கலகம் நடந்து, ஆளுங்களைப் பிணையாப் பிடிச்சுக்கிட்டு ப்ரோக்ரஸ் லைட்ங்கிற கப்பல்ல கலகக்காரங்க ஓடினப்ப, நம்ம ஐஎன்எஸ் கோதாவரி துரத்திப் போய்ப் பிடிச்சது. அதுக்கு அடுத்த நடை எங்க தோணி மாலேக்குப் போனப்ப, நாங்க இந்தியாக்காரங்கன்னு தெரிஞ்சு டீக்கடைக்காரர் காசு வாங்கல. எனக்கு அப்ப 18 வயசு. எனக்கு ஒரு மகன் பொறந்தா அவனை வெள்ளைச் சட்டையில பாக்கணும்னு அன்னைக்கே நினைச்சேன். கல்யாணமே ஆகல, அப்பவே நினைச்சேன்.

பாத்தேன் மக்கா. 2023 மார்ச் 28. நாலு வருச வேலைக்கு எடுத்த அக்னிவீரர் முதல் செட்டுன்னு, ஒடிசாவுல சில்காப் பயிற்சி முகாம்ல உங்களைச் சூரியன் அடைஞ்ச பிறகு விளக்கு வெளிச்சத்துல நடக்க விட்டாங்க. ரெண்டாயிரத்துக்கும் மேல பிள்ளைங்க, எல்லாம் ஒரே மாதிரி தொப்பி. உங்கம்மா உன்னை நடையை வச்சே கண்டுபிடிச்சுட்டா. நான் கடைசி வரைக்கும் வேற யாரையோ பாத்துக் கை தட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

சாப்பிடு. ராத்திரி டெக்ல தனியா நிக்காதே. கம்பி ஈரமா இருக்கும், வழுக்கும். கூட்டாளி யாரையாவது கூட வச்சுக்கோ.

மார்ச் 4ஆம் தேதி நீ பேசினதையே நினைச்சுக்கிட்டு இருக்கேன். சாப்பிட்டியான்னேன், "ம்"ன்னே. வேலை எப்படின்னேன், "இருக்குப்பா"ன்னே. அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லை. காத்து இரையிற சத்தம் மட்டும் கேட்டுச்சு. நீயும் வைக்கல, நானும் வைக்கல. அதுவாத்தான் கட்டாச்சு. என்னமோ கேக்க வந்தவன் மாதிரி இருந்தது உன் மூச்சு. நான் கேட்டிருக்கணும். காசு போகுதேன்னு சும்மா இருந்துட்டேன்னு உங்கம்மாட்ட சொன்னேன். அது காசு இல்லை.

இப்படி மாசக்கணக்கா எழுதாம இருக்கிறது நல்லதில்லை. உங்கம்மா தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்குப் போயிருதா. பெத்தவங்களுக்கு நாலு வரி எழுத நேரமில்லாத வேலை உலகத்துல உண்டா? நாலு மணி நேரம் வாட்ச், அதுக்கப்புறம் துரு சுரண்டுறது, பெயிண்ட் அடிக்கிறதுன்னு எழுதியிருந்தே. சரி. அதுக்கு நடுவுல ஒரு இன்லேண்ட் லெட்டர் எழுத முடியாதா?

இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு நீ நினைப்பே. நினைக்கணும்.

மக்கா, டிசம்பர் வெள்ளத்தைப் பத்தி உன்கிட்ட லேசா மழைன்னு சொன்னேன். லேசு இல்லை. 17ஆம் தேதி காலையில இருந்து மறுநாள் காலைக்குள்ள காயல்பட்டினத்துல மட்டும் 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. நம்ம வீட்டுக்குள்ள முட்டளவு தண்ணி. உங்கம்மாவும் தங்கச்சியும் தகரப் பெட்டியைத் தூக்கிக் கட்டில் மேல வைக்கப் போனாங்க. அடியில நான் ரேஷன் கார்டோட பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வச்சிருந்த உன் கடுதாசி வெளிய வந்துச்சு. 2022 டிசம்பர்ல சில்காவுல இருந்து நீ எழுதினது.

உங்கம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும்னு உனக்குத் தெரியும். ஒம்பது வயசுல கருவாட்டுக் கொட்டகைக்குப் போனவ. நீ எழுதினதெல்லாம் நான்தான் அவளுக்குப் படிச்சுக் காட்டுவேன். அந்தக் கடுதாசி வந்த அன்னைக்கும் அடுப்பை அணைச்சுட்டு வந்து, கையைத் துடைச்சுட்டு, எதிர்ல உக்காந்தா. நான் படிச்சேன். "அம்மா, நான் நல்லா இருக்கேன். சோறு நல்லாப் போடுறாங்க. நம்ம ஊரு பையன் ஒருத்தன் கூட இருக்கான். கிறிஸ்துமஸுக்கு இங்கயே கேக் குடுப்பாங்களாம்." எல்லாம் நானே சொன்னது. ஒரு வார்த்தை நீ எழுதல.

நீ எழுதினது எனக்கு மனப்பாடம். யாரையும் குறை சொல்லல நீ. "அப்பா, என்னைக் கூட்டிட்டுப் போயிருங்க. இங்க யாரும் ஒண்ணும் பண்ணல. எனக்கு வீடுதான் வேணும். ராத்திரி தூக்கம் வரல, ஜன்னல்ல நின்னு ஏரியையே பாத்துக்கிட்டு இருக்கேன்." அவ்வளவுதான் எழுதியிருந்தே. கீழ பேர் கூடப் போடல.

அதுக்கு நான் என்ன பதில் எழுதினேன்? மாமாவுக்கு நல்ல மீன்பாடு, புதுக் கிணத்துல தண்ணி உப்பு, உடம்பைப் பாத்துக்கோ. நீ கேட்டதைப் பத்தி ஒரு வரி இல்லை.

பயிற்சி எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், ஒரு வாடைக்காலம் தாண்டினாச் சரியாயிரும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நிசம் அது இல்லை. உன் கடுதாசி வந்த அதே வாரம்தான் உன் முதல் சம்பளமும் வந்துச்சு. 30,000ல பிடித்தம் போகக் கையில 21,000. தங்கச்சி நர்ஸிங் காலேஜுக்கு அந்த வெள்ளிக்கிழமை பணம் கட்டணும். ஒரு கையில உன் கடுதாசி, ஒரு கையில பேங்க் புத்தகம். தெருவுல எல்லார்கிட்டயும் மகன் நேவின்னு சொல்லியாச்சு. நான் புத்தகத்தை எடுத்துக்கிட்டேன். தங்கச்சிக்கு அன்னைக்கு இது தெரியாது. அவளைத் தப்பா நினைச்சிராதே.

ஏப்ரல்ல லீவுல வந்தே. ஊளி மீன் குழம்பு வச்சிருந்தா உங்கம்மா. இலையில சோத்தைப் போட்டுக்கிட்டே, "அங்க சோறு நல்லாப் போடுறாங்கன்னு எழுதியிருந்தியேப்பா, ஏன் இப்படி மெலிஞ்சு போயிருக்கே"ன்னு கேட்டா. நீ தலையைத் தூக்கி என்னைப் பாத்தே. ஒரு நிமிசம் கூட இருக்காது. அப்புறம் "ஆமாம்மா, நல்ல சோறுதான்"னு சொல்லிட்டுக் குனிஞ்சு சாப்பிட்டே. அன்னைக்கு நீ என்னைக் காட்டிக் குடுக்கல. பத்தொம்பது வயசுப் பிள்ளை என் மானத்தைக் காப்பாத்துச்சு. நான் எழுந்திரிச்சுக் கை கழுவப் போயிட்டேன். பதினஞ்சு நாள் வீட்டுல இருந்தே, அதைப் பத்திப் பேச எனக்கு வாய் வரல. அதுக்கப்புறம் நீ எழுதின கடுதாசி எல்லாத்துலயும் நல்லா இருக்கேன், சாப்பாடு நல்லா இருக்குன்னே எழுதினே. என்னை மாதிரியே எழுதப் பழகிட்டே.

வெள்ளத்தன்னைக்குத் தங்கச்சி அதை வாசிச்சுக் காட்டியிருக்கா. உங்கம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கல. இந்த நாலு மாசமா உன் கடுதாசி வந்தாத் தங்கச்சிகிட்டதான் குடுக்கிறா. நான் அந்தப் பக்கம் உக்காந்து கேட்டுக்குவேன்.

உன்கிட்ட சொல்லாத இன்னொண்ணு. 1987ல நான் முதல் நடை போனப்ப 17 வயசு. வெங்காயமும் மிளகாய் வத்தலும் ஏத்திக்கிட்டு மாலேக்கு. முதல் ரெண்டு நாள் வாந்தியிலயே போயிருச்சு. மூணாம் நாள்தான் வீட்டு நினைப்பு வந்துச்சு. கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. எங்க அம்மா கூப்பிடுற மாதிரியே இருந்துச்சு. ராத்திரி விளிம்புல போய் நின்னேன். ஏன் நின்னேன்னு இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை. தோணியை நடத்துற தண்டல் பாத்துட்டார். கிழவர். திட்டல, ஒண்ணும் கேக்கல. "இங்க வால, சுக்கான் பக்கத்துல வந்து உக்காரு, எனக்குத் தூக்கம் வருது, பேச்சுக் குடு"ன்னார். விடியுற வரைக்கும் என்னைத் தன் பக்கத்துலயே வச்சிருந்தார். ஆறாம்மீன் நட்சத்திரத்தைக் காட்டினார். பேத்தி பேரைச் சொன்னார். மறுநாளும், அதுக்கு மறுநாளும் அப்படித்தான். மாலேயில கரை பிடிச்சதும் அவர் அதைப் பத்திப் பேசவே இல்லை.

எனக்கு ஒரு தண்டல் இருந்தார் மக்கா. நீ எனக்கு எழுதினே, நான் புதுக் கிணத்துத் தண்ணியைப் பத்தி எழுதினேன்.

டெக்ல தனியா நிக்காதேன்னு நான் ஏன் சொல்றேன்னு இப்பப் புரியும். பனிக்காக இல்லை, வழுக்கும்னு இல்லை. வீட்டு நினைப்பு வந்தா யாரையாவது எழுப்பு. தூங்குறானேன்னு பாக்காதே. மேல இருக்கிற ஆபீசர்கிட்டயோ டாக்டர்கிட்டயோ சொல்லு. மனசு சரியில்லைன்னு சொல்றதுல ஒரு கேவலமும் இல்லை. நாலு வருசம் முடியாம இடையில விட முடியாதுன்னு எனக்குத் தெரியும். 2026 கடைசியில முடியும். நாலு பேர்ல ஒருத்தரைத்தான் வச்சுக்குவாங்களாம். வச்சுக்கிட்டாலும் நீ இருக்கணும்னு இல்லை. வேண்டாம்னா வந்துரு. நான் தெருவுல என்ன சொன்னேங்கிறதை நீ பாக்காதே. தங்கச்சி படிப்புச் செலவை நான் பாத்துக்குவேன். மாமாவோட படகுல பங்குக்குப் பேசியிருக்கேன், தடை முடிஞ்சதும் போறேன்.

நல்லா இருக்கேன்னு இனிமே எழுதாதே. நல்லா இல்லைன்னா இல்லைன்னு எழுது. என்னைத் திட்டணும்னாலும் எழுது. அஞ்சு இன்லேண்ட் லெட்டர் உள்ள வச்சிருக்கேன், எல்லாத்துலயும் நம்ம விலாசம் எழுதியாச்சு. அடுத்து கரை பிடிச்சாப் பேசு, இந்தத் தடவை நான் கேப்பேன்.

இதை ஒட்டுறதுக்கு முன்னாடி உங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டப் போறேன். தங்கச்சியைப் பக்கத்துல உக்கார வச்சு, ஒவ்வொரு வரியா, எழுதினது எழுதினபடி. அடுப்படியில பாத்திரம் கழுவுற சத்தம் கேக்குது. முடிச்சுட்டு வரட்டும்னு காத்திருக்கேன்.

அப்பா