வண்டி ஓட்டுகிறவரை அழைக்காதீர்கள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கும், பாதுகாவலருக்கும், பேரப்பிள்ளைகளை அழைத்துவரும் தாத்தா பாட்டிமாருக்கும் வணக்கம்.

வரும் திங்கட்கிழமை முதல் நம் பள்ளியின் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் காலை 6.30 முதல் 7.45 வரையிலும், மதியம் 12.30 முதல் 2.30 வரையிலும் எந்தச் செய்தியும் வராது. அறிவிப்பு, வீட்டுப்பாடம், போட்டி நிழற்படம், பிறந்தநாள் வாழ்த்து எல்லாமே அந்த நேரம் கழிந்த பிறகுதான். ஆசிரியர்கள் அனைவரும் இதற்கு இணங்கியிருக்கிறார்கள். வகுப்புக் குழுக்களை நடத்தும் பெற்றோரும் இதையே பின்பற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்; பொறுத்தருள்க.

சென்ற மாதம் ஒரு காலை, பள்ளி வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இடப்பக்கக் கதவைத் திறந்து பையன் ஒரு காலைக் கீழே வைத்திருந்தான். புத்தகப்பை இன்னும் இருக்கையில் கிடந்தது. அதற்குள் கார் மெல்ல நகர்ந்துவிட்டது. கடமையில் இருந்த ஆசிரியர் பையனின் தோளைப் பற்றி இழுத்ததால் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்ததோடு போயிற்று. யாருடைய கார் என்று நான் சொல்லப் போவதில்லை; நீங்களும் ஊகிக்க வேண்டாம். அந்தத் தாயார் அன்றே என் அறைக்கு வந்து, நடந்ததை மறைக்காமல் சொன்னார். அவர் படித்துக்கொண்டிருந்தது வீட்டிலிருந்து வந்த ஒரு வரிச் செய்தி: பிள்ளையை இறக்கிவிட்டாயா?

கேட்டவருக்குப் பிள்ளைமேல் அக்கறை. படித்தவருக்கும் பதில் சொல்ல வேண்டும் என்ற அக்கறை. இரண்டு அக்கறைகளுக்கும் நடுவில் சக்கரத்தை யாரும் பார்க்கவில்லை.

இதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேசியபோது இரண்டு யோசனைகள் வந்தன. வாசலில் போக்குவரத்துப் போலீஸ்காரரை நிறுத்தலாம் என்பது ஒன்று. போலீஸ்காரர் நிற்கும் நாளில் எல்லாத் தொலைபேசிகளும் மடிக்குள் ஒளிந்துகொள்ளும். மறுநாள் மீண்டும் மேலே வரும். மடியில் வைத்துக் குனிந்து பார்ப்பது கையில் தூக்கிப் பார்ப்பதைவிட மோசம். மாணவர்களிடம் உறுதிமொழி வாங்கி, பெற்றோரைக் கண்காணிக்கச் சொல்லலாம் என்பது மற்றொன்று. இதை நான் ஏற்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளை காரின் பின்னிருக்கையில் அமர்ந்து அப்பாவைக் காவல் காக்க வேண்டியதில்லை. உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ, பொறுப்பும் அவருடையது. அதைப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு, பிறகு அது வாய் திறந்தால் “பெரியவர்களுக்குப் புத்தி சொல்கிறாயா” என்று அதட்டுவது என்ன நியாயம்?

அந்தக் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து, தாம் கையில் தொலைபேசியைத் தொடுவதே இல்லை, காரில் ஒலிபெருக்கி வழியாகத்தான் பேசுவதாகச் சொல்லி, அது சட்டப்படி சரிதானே என்று கேட்டார். நல்ல கேள்வி. கையில் வைத்துக்கொண்டு ஓட்டினால்தான் அபராதம். ஆனால் மோதல் நடக்குமா நடக்காதா என்பதைச் சட்டம் தீர்மானிப்பதில்லை. கனடாவின் டொரொண்டோவில் விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து 1997-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. தொலைபேசியில் பேசும்போது மோதும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று அது கண்டது. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அதனால் கூடுதல் பாதுகாப்பு கிடைத்ததாகத் தெரியவில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் இந்த நான்கு மடங்கைத்தான் இன்றுவரை சொல்லி வருகிறது.

ஏன் அப்படி? அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்ற உளவியல் பேராசிரியரும் அவர் குழுவினரும், ஓட்டும் அனுபவத்தை அறைக்குள்ளேயே உருவாக்கித் தரும் கருவியில் ஓட்டுநர்களை அமர்த்திப் பல ஆண்டுகள் சோதித்தார்கள். தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பவரின் கண் ஒரு பலகையின் மேல் விழுகிறது. ஆனால் அந்தப் பலகையைப் பார்த்ததாக அவருக்கு நினைவே இல்லை. கண் சாலையில், மனம் வேறிடத்தில். வகுப்பறையில் கரும்பலகையையே பார்த்தபடி ஜன்னலுக்கு வெளியே பறந்துகொண்டிருக்கும் மாணவனை அறிந்த எந்த ஆசிரியருக்கும் இது வியப்பாக இருக்காது.

அதே குழுவினர் கண்ட இன்னொன்றுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பேசுவதில் இவ்வளவு ஆபத்து இல்லை. அவரும் சாலையைப் பார்க்கிறார். லாரி குறுக்கிட்டால் பேச்சைப் பாதியில் நிறுத்துகிறார். சில வேளை “பார்த்து, பார்த்து” என்று எச்சரிக்கவும் செய்கிறார். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு லாரி தெரியாது. அவர் பேசிக்கொண்டே போவார். ஆகவே ஓட்டுகிறவர் எவ்வளவுதான் கட்டுப்பாடாக இருந்தாலும், அழைக்கிறவர் விடாவிட்டால் பாதிப் பயன்தான். இந்தக் கடிதத்தின் தலைப்பு ஓட்டுநரைப் பார்த்துப் பேசாததற்கு இதுவே காரணம்.

நம் பெற்றோரில் பலர் பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்த்துவிட்டு, காலையில் பினாங்குப் பாலத்தைக் கடந்து பெருநிலத்திலுள்ள பிறைப் பக்கம் வருகிறவர்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்ற உடம்பு, எரியும் கண், முன்னும் பின்னும் நெரிசல். பதின்மூன்றரைக் கிலோமீட்டர் பாலத்தில் நினைத்த இடத்தில் ஓரங்கட்டிப் பேச முடியாது. அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து அழைப்பு வரும்: எங்கே இருக்கிறீர்கள்? பாலத்தில்தான் இருப்பார். வேறு எங்கே இருப்பார்? அவர் பதில் சொல்வதால் நெரிசல் ஒரு நிமிடமும் குறையாது. மேற்பார்வையாளரோ முதலாளியோ அழைத்தால் எடுக்காமல் இருக்க முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். எண்ணெய் நிலையத்திலோ ஓய்வுப் பகுதியிலோ நிறுத்தித் திருப்பி அழையுங்கள். நெடுஞ்சாலையின் அவசரத் தடத்தில் நிறுத்தாதீர்கள். அது பழுதான வண்டிக்கும் ஆம்புலன்சுக்கும் உரியது, அங்கே நின்ற வண்டிகள் மோதப்பட்டிருக்கின்றன.

அடுத்து, பள்ளி வேன். இதைக் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். நம் வேன் ஓட்டுநர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வேன் ஐந்து நிமிடம் தாமதித்தால் போதும், ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்றோர் அழைக்கிறார்களாம். எடுக்காவிட்டால் மாலையில் வசவு. எடுத்தால் பின்னால் இருக்கும் அத்தனை பிள்ளைகளின் உயிரும் ஒற்றைக் கையில். உங்கள் பிள்ளை பத்திரமாக வருகிறதா என்று கேட்பதற்காக, உங்கள் பிள்ளையை ஏற்றிவரும் மனிதரின் கவனத்தையா கலைப்பது? ஐயம் இருந்தால் பள்ளி அலுவலகத்தை அழையுங்கள். வேன் எப்போது புறப்பட்டது என்று இங்கே குறித்து வைப்போம். வேன் ஓட்டுநர்களிடமும் சொல்லிவிட்டேன்: ஓடும்போது வரும் அழைப்பை எடுக்காதீர்கள், அதற்காக யாராவது குறை சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

மோட்டார் சைக்கிளில் வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். தலைக்கவசத்துக்கும் கன்னத்துக்கும் இடையில் தொலைபேசியைச் செருகிக்கொண்டு பேசியபடி வருகிறவர்களை வாசலில் அடிக்கடி பார்க்கிறேன். அதைவிடக் கவலை தருவது, பின்னால் அமர்ந்த பிள்ளை தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு வந்த செய்தியை உரக்கப் படிப்பது. அந்தப் பிள்ளையின் இரு கைகளும் உங்கள் இடுப்பைப் பிடித்திருக்க வேண்டியவை. நம் மலேசிய நாட்டுச் சாலைகளில் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்.

பள்ளிப் பகுதியில் வேகம் 30 கிலோமீட்டர்தானே, அதற்குள் என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் போகிறோம். ஒரு செய்தியைப் பார்க்க ஐந்து நொடி என்றால் நாற்பது மீட்டர். நம் வாசலிலிருந்து சிற்றுண்டிச்சாலை வரை கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம், அதுவும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் குறுக்கே ஓடும் நேரத்தில். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பார்த்தால் பரவாயில்லையே என்பவர்களுக்கும் ஒன்று: வண்டியின் குரல்வழிக் கருவிகளைப் பயன்படுத்தி முடித்த பிறகும் கவனம் முழுதாகத் திரும்ப 27 நொடி வரை ஆகலாம் என்று 2015-இல் அதே யூட்டா குழுவினர் அளந்து சொன்னார்கள். பச்சை விளக்கு அவ்வளவு நேரம் காத்திருக்காது.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் எழுதுகிறேன். அபாயகரமாக ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தினால், 2020-இல் திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி ஐந்து முதல் பத்தாண்டு வரை சிறை. அதோடு 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம். “ஒரு நொடிதான் பார்த்தேன்” என்பதை நீதிமன்றம் தற்காப்பாக ஏற்காது. செய்தி அனுப்பியவர் எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும் கூண்டில் உங்களோடு நிற்க மாட்டார்.

பள்ளி என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்திலிருந்து உங்களை அழைத்தால் முதல் கேள்வி “வண்டி ஓட்டுகிறீர்களா?” என்பதாகத்தான் இருக்கும். ஆம் என்றால் நாங்களே வைத்துவிடுவோம். தயவுசெய்து மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல், விளையாடி விழுந்துவிட்டது போன்ற அவசரம் என்றால் வண்டி ஓட்டாத வேறொருவரை அழைப்போம். அதற்காகத்தான் இத்துடன் ஒரு படிவம் இணைத்திருக்கிறேன். அதில் இரண்டாவது தொடர்பு எண் ஒன்று வேண்டும்: பாட்டி, சித்தப்பா, அண்டை வீட்டார், யாராயினும் சரி. பிள்ளையை அழைத்துவருகிறவரின் எண்ணையே இரண்டு கட்டங்களிலும் எழுத வேண்டாம்.

உங்கள் பங்குக்கு நான் கேட்பது, பெரும்பாலான திறன்பேசிகளில் வண்டி ஓட்டும்போது அழைப்புகளையும் செய்திகளையும் தானாகவே அமைதியாக்கும் வசதி இருக்கிறது; அதை இயக்கி வையுங்கள். “ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்” என்று அதுவே பதில் அனுப்பிவிடும். எப்படி என்று தெரியாத தாத்தா பாட்டிமார் அலுவலகத்துக்கு வந்தால் எங்கள் எழுத்தர் அமைத்துத் தருவார். வழி காட்டும் செயலியில் செல்லுமிடத்தை எஞ்சினை முடுக்கும் முன்பே பதிந்துகொள்ளுங்கள்.

படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்து வகுப்பாசிரியருக்கு அனுப்புங்கள். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் படித்தாலும் ஒரு படிவம் போதும். மூத்த பிள்ளையின் பெயரை எழுதுங்கள்.

நன்றி.

இக்கண்,
தலைமையாசிரியர்