நெகட்டிவ்களை எடைக்குப் போடாதே

ஹேண்ட்ஸ்வொர்த், பர்மிங்ஹாம்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்து நாலு நாளாகிறது. சின்னவளுக்கு வேலை கிடைத்ததும், உன் முழங்கால் வலி தேவலை என்பதும் படித்துச் சந்தோஷம். ஆனால் ஸ்டூடியோவை மூடப்போகிறேன் என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழேயே "நாலு பீரோ நிறைய நெகட்டிவ் கிடக்கிறது, யாருக்கு வேணும், எடைக்குப் போடலாமென்று பார்க்கிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. போடாதே மாப்ளே. நான் வருகிறவரைக்கும் அந்த பீரோக்களில் யாரையும் கைவைக்க விடாதே. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

இந்த ஊரில் பால்சால் ஹீத் என்று ஒரு பகுதி. அங்கே மோஸ்லி ரோட்டில் எர்னஸ்ட் டைச் என்பவர் ஸ்டூடியோ வைத்திருந்தார். அவருக்குப் பிறகு மகன் மால்கம். ஆரம்பத்தில் கொட்டகைகளில் ஆடிப்பாடும் கலைஞர்கள்தான் அவர்களுக்கு வாடிக்கை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தொழில் படுத்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் கரீபியன் தீவுகள், இந்தியா, பாகிஸ்தான் என்று பல பக்கத்திலிருந்தும் ஆலைக்கும் பஸ்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கு ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்கள் டைச் ஸ்டூடியோவில் போய் நின்றார்கள், ஊருக்குப் படம் அனுப்ப. நல்ல கோட்டு, சட்டைப்பையில் பேனா, ஒருத்தர் கையில் ரேடியோ, நர்ஸ் உடுப்பில் ஒரு பெண். "அம்மா, நான் நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லத்தான் அத்தனையும். துபாய் போகிறவர்கள் உன் ஸ்டூடியோவில் குடும்பத்தோடு வந்து நிற்பார்களே, அதே முகம், அதே நிமிர்வு.

அந்தச் சேகரிப்பை 1990இல் இங்குள்ள நூலகம் வாங்கிப் பத்திரப்படுத்தியது. நான் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் முகத்தில் ஒளி விழுந்திருக்கும் அழகைப் பார்த்தால், நமக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் கைதட்டுவார். ஆனால் பெரும்பாலான படங்களில் இருப்பது யார் என்று தெரியவில்லை. பெயர் இல்லை. யாரோ ஒருத்தருடைய தாத்தா, யாரோ ஒருத்தருடைய அத்தை, அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் கதையைச் சொல்கிறேன். போன மாதத்தோடு பஸ் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். இருபத்திரண்டு வருஷம். அதில் பாதிக்கு மேல் 74ஆம் நம்பர், சோஹோ ரோடு வழியாகப் போகும் பஸ். நீ இந்த ரோட்டைப் பார்க்க வேண்டும். குருத்வாரா, மசூதி, சர்ச் மூன்றும் நடந்துபோகும் தூரத்தில். காலை ஐந்தரை மணி வண்டியில் துப்புரவு வேலைக்குப் போகும் பெண்கள் ஏறுவார்கள், எட்டு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பத்து மணிக்கு வயசானவர்கள். கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே எனக்கு அத்தனை முகமும் பழகிப்போனது. நீராவி இயந்திரத்தை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட் இங்கேயுள்ள செயின்ட் மேரிஸ் சர்ச்சில்தான் அடக்கமாகியிருக்கிறார் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் படித்த ஆள் இங்கே பக்கத்துத் தெருவில் படுத்திருக்கிறார்.

நீ கொடுத்தனுப்பிய நிக்கான் எஃப்எம் 2 இன்னும் ஓடுகிறது. லீவு நாளெல்லாம் அதோடுதான். ஆனால் முதல் ஐந்தாறு வருஷம் நான் எடுத்ததெல்லாம் திருவிழாப் படங்கள். பூங்காவில் சீக்கியர்களின் வைசாகி என்றால் ஓடுவேன், கரீபியன்காரர்களின் கார்னிவல் என்றால் ஓடுவேன். கலர் கலராகத் தலைப்பாகை, இறகு, மேளம். உனக்கும் அனுப்பினேன், நீயும் "பிரமாதம்" என்று எழுதினாய். இப்போது எடுத்துப் பார்த்தால் ஒன்றிலும் ஒரு ஆள் கூட இல்லை. உடுப்புதான் இருக்கிறது.

எனக்குக் கண் திறந்தது வான்லி பர்க் என்கிற புகைப்படக்காரரின் படங்களைப் பார்த்தபோதுதான். 1951இல் ஜமைக்காவில் பிறந்தவர். பெற்றோர் முன்னாலேயே இங்கிலாந்துக்கு வந்துவிட, பிள்ளை அங்கேயே வளர்ந்தான். பத்தாவது பிறந்தநாளுக்கு அம்மா இங்கிருந்து ஒரு கேமரா அனுப்பினார். 1965இல், பதினாலு வயசில், அந்தப் பையன் ஹேண்ட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து ஐம்பது வருஷத்துக்கும் மேலாகத் தன்னைச் சுற்றி இருந்த சனங்களை எடுத்துக்கொண்டே இருந்தவர். கல்யாணம், ஞானஸ்நானம், சாவு, டொமினோ ஆட்டம், முடி வெட்டுகிற கடை, பூங்காவில் சும்மா நிற்கிற பையன்கள். 1983இல் இந்த ஊர் ஐகான் கேலரியில் வைத்த கண்காட்சிக்கு "ஹேண்ட்ஸ்வொர்த், உள்ளேயிருந்து" என்ற பொருளில்தான் தலைப்பு. உள்ளேயிருந்து என்கிற அந்த வார்த்தையில் நான் கொஞ்ச நாள் சிக்கிக்கொண்டிருந்தேன்.

அவருடைய ஒரு படம், 1970இல் ஹேண்ட்ஸ்வொர்த் பூங்காவில் எடுத்தது. ஒரு கறுப்பினப் பையன் சைக்கிளோடு நிற்கிறான், சைக்கிளின் முன்னால் பிரிட்டிஷ் கொடி. அவ்வளவுதான் படம். "நீ எந்த ஊர்க்காரன்" என்று இந்த நாடு கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பையன் எந்தப் பதிலும் சொல்லாமல் நின்றுகொண்டிருக்கிறான். அவனுக்கு அது அவனுடைய சைக்கிள், அவனுடைய பூங்கா.

1985 செப்டம்பரில் இங்கே லொசெல்ஸ் ரோட்டுப் பக்கம் பெரிய கலவரம். இரண்டு பேர் இறந்தார்கள். நாடு முழுக்க ஹேண்ட்ஸ்வொர்த் என்றால் தீயும் புகையும் என்று ஆகிப்போனது. பத்திரிகைக் கேமராக்கள் வந்தன, எடுத்தன, போய்விட்டன. அவர்கள் எடுத்ததும் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தின வாரமும் அடுத்த வாரமும் அந்தத் தெருவில் பால் வாங்கினவர்களை எடுக்க, அங்கேயே குடியிருக்கிறவன்தான் வேண்டும்.

பர்க் படத்தோடு நிற்கவில்லை. சாவு வீட்டில் அச்சடிக்கிற நினைவுத் தாள், பார்ட்டி டிக்கெட், சுவரொட்டி என்று நாம் கசக்கிப் போடுவதையெல்லாம் சேர்த்து வைத்தார். 2015இல் அவர் குடியிருந்த ஃபிளாட்டின் சாமான்களையே அப்படியே பெயர்த்துக்கொண்டுபோய் ஐகான் கேலரியில் வைத்துக் காட்டினார்கள். ஒரு மனுஷனுடைய வீடே ஒரு சமூகத்தின் ஆவணமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் திருவிழாவுக்கு ஓடுவதை விட்டேன். பஸ் நிறுத்தம், துணி துவைக்கும் கடை, டாக்டரின் காத்திருப்பு அறைக்கு வெளியே போட்டிருக்கும் பெஞ்சு, இப்படி. இந்த நாட்டில் பொது இடத்தில் படம் எடுக்க யாருடைய அனுமதியும் சட்டப்படி தேவையில்லை. அதை நம்பி நான் ஒரு தப்பு செய்தேன். உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

என் வண்டியில் தினமும் ஏறும் ஒரு ஜமைக்கா அம்மா. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். அப்படி ஒரு சாயங்காலம் நிறுத்தத்தில் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு ஆரஞ்சை அவசரமே இல்லாமல் உரித்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் கடை வெளிச்சம். எதிர்ப்பக்கம் நின்று எடுத்துவிட்டேன். கேட்கவில்லை. நல்ல படம் மாப்ளே, நான் எடுத்ததிலேயே நல்ல படம். ஒரு அமைப்பு கண்காட்சி வைத்தபோது அதையும் கேட்டார்கள், கொடுத்தேன். அவர்கள் கீழே "பஸ்ஸுக்குக் காத்திருக்கும் குடியேறி" என்று எழுதிவிட்டார்கள். நானும் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேரே வந்துவிட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். படத்துக்கு முன்னால் நின்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "டிரைவர், முப்பத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில் என் பேரை நெஞ்சில் குத்திக்கொண்டு வேலை பார்த்தேன். உனக்கு அது தெரியவில்லையா?" என்றார். சத்தம் போடவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அவர் சொல்லச் சொல்ல அவர் பெயரை என் கையால் எழுதி ஒட்டினேன். அடுத்த வாரம் பெரிய அளவில் ஒரு பிரிண்ட் போட்டு வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்புறம் சிநேகமாகிவிட்டோம். அவர் வீட்டில், அவர் சர்ச்சில், அவர் தோழிகளோடு என்று எத்தனையோ படம் எடுத்தேன், எல்லாம் கேட்டுத்தான். (அவர் பெயரை இங்கே எழுதவில்லை. பிள்ளைகளைக் கேட்காமல் எழுத எனக்கு மனசு வரவில்லை.)

சர்ச் என்றதும் ஞாபகம் வருகிறது, தொழில்காரனுக்குத் தொழில் விஷயம். பெண்கள் எல்லாரும் வெள்ளைத் தொப்பி, வெள்ளை உடுப்பு. கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் அந்த வெள்ளையைப் பார்த்து ஏமாந்து எக்ஸ்போஷரைக் குறைத்துவிடும், முகமெல்லாம் கரியாகிப்போகும். முதல் ரோல் முழுக்க அப்படித்தான் போனது. இப்போது முகத்துக்குக் கிட்டே போய் அளக்கிறேன்; கறுத்த முகத்துக்கு மீட்டர் ஒளியைக் கூட்டிச் சொல்லும் என்பதால், அதிலிருந்து ஒரு ஸ்டாப், அதாவது பாதி ஒளி, குறைத்து வைக்கிறேன். தொப்பி வெளுத்தால் வெளுக்கட்டும், முகம் வந்துவிடும். பல வருஷம் கலர் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க ஃபிலிம் கம்பெனியிலிருந்து வந்த அளவுப் படத்தில் வெள்ளைக்காரப் பெண் முகம்தான் இருந்தது. நம்ம கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளை முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்குமென்று நினைக்கிறேன். மாஸ்டர் நம்ம தலையில் குட்டினதுதான் மிச்சம்.

இன்னொன்று. 1979இல் இதே ஹேண்ட்ஸ்வொர்த்தில், குரோவ் லேன் 81ஆம் நம்பருக்கு வெளியே நடைபாதையில், டெரக் பிஷ்டன், பிரையன் ஹோமர், ஜான் ரியர்டன் என்று மூன்று பேர் ஒரு வெள்ளைத் திரையைக் கட்டிக் கேமராவை நிறுத்தி வைத்தார்கள். ஷட்டரை அழுத்தும் கேபிளை, தெருவில் போகிறவர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். உன் படத்தை நீயே எடுத்துக்கொள். 500 பேருக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். கறுப்பர், வெள்ளையர், பஞ்சாபி, குழந்தை, கிழவர், எல்லாருக்கும் பின்னால் அதே வெள்ளை. நம்ம சீனரித் திரையில் ஏரியும் மாளிகையும் வரைந்திருக்குமே, இதில் ஒன்றுமே இல்லை. அந்தப் படங்களில் ஒருத்தர் முகத்திலும் பயம் இல்லை.

அதைப் பார்த்துவிட்டு நானும் போன கோடையில் எங்கள் வாசலில் ஒரு படுக்கை விரிப்பைக் கட்டி, கேபிளைத் தெருக்காரர்கள் கையில் கொடுத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை, நாற்பத்தொரு பேர். எதிர்வீட்டு சர்தார்ஜி கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. நான் எடுத்திருந்தால் கண்ணாடியோடு சடக்கென்று முடித்திருப்பேன். மூலைவீட்டுப் பையன் ஒருத்தன் எப்போதும் விறைப்பாகத் திரிவான், கூட்டாளிகளோடுதான் வந்தான். கேபிளைக் கையில் வாங்கினதும் "ஒரு நிமிஷம்" என்று வீட்டுக்குள் ஓடிப்போய்ப் பாட்டியைக் கூட்டிவந்தான். அவன் தோளுக்கு வரமாட்டார் பாட்டி. அவர் கையில் கேபிளைக் கொடுத்துவிட்டு அவன் குனிந்து நின்றான். கேமரா பக்கத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஜமைக்கா அம்மா பிப்ரவரியில் தவறிவிட்டார். இறந்து ஒன்பதாம் ராத்திரி வரைக்கும் வீட்டில் சனம் கூடுவது அவர்கள் வழக்கம். பாட்டு, சாப்பாடு, கதை, டொமினோ. கட்டையை மேசையில் ஓங்கி அடிக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. மகன் முந்தின நாளே போன் பண்ணி, "ஆரஞ்சுப் படத்தின் நெகட்டிவ் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார். இருந்தது. நினைவுத் தாளின் முகப்பில் அதைத்தான் போட்டார்கள். கீழே அவர் பெயர், முழுப் பெயர். கண்காட்சியில் போட்ட படம் ஒரு குடும்பத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தத் தாளில் இரண்டை எடுத்து வைத்திருக்கிறேன், ஒன்று உனக்கு.

இப்போது உன் பீரோவுக்கு வருகிறேன். தை மாசம் வருகிறேன், ஆறு வாரம் இருப்பேன். ஸ்கேனர் கொண்டுவருகிறேன். அதற்குள் நீ செய்ய வேண்டியது: டப்பாக்களை மாடி அறையிலிருந்து கீழே இறக்கு, அந்தச் சூடு ஆகாது. திறக்கும்போது காடி வாடை வந்தால் அந்த ஃபிலிமைத் தனியே எடுத்து வை, மற்றதையும் கெடுத்துவிடும். மாஸ்டர் காலத்துக் கண்ணாடித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்காதே, நிறுத்தி வை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பில் புத்தகங்கள். மாஸ்டர் எவ்வளவு திட்டினாலும் நீ ஒவ்வொரு பில்லிலும் ஆள் பெயர், ஊர், நெகட்டிவ் நம்பர் மூன்றையும் எழுதுவாயே. டைச் ஸ்டூடியோவில் இல்லாதது உன்னிடம் இருக்கிறது. கல்லாப்பெட்டிக்குக் கீழே அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தாய், கடைசியாக நான் வந்தபோது மூலையில் கரையான் மண் பார்த்தேன். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் முதல் வேலையாக அதைப் போய்ப் பார். இருக்கிறதா இல்லையா என்று உடனே போன் பண்ணு, ராத்திரியானாலும் பரவாயில்லை.

உன் மச்சான்